பார்த்தால் நிற்கும் பம்பு

ஹிஸ்கா ஹைட்ஸ்மா எப்போது பார்த்தாலும் பம்பு அப்போதுதான் கண் விழித்திருந்தது.

காலையில் நூலக வண்டியை எடுக்கக் கிளம்பும் முன், காபிக் கோப்பையோடு வீட்டுக் கணினியில் பம்பின் இணையப் பக்கத்தைத் திறப்பாள். "நிலையம் இயங்குகிறது. தொடங்கி ஆன நேரம்: பூஜ்யம் நிமிடம்" என்று இருக்கும். ராத்திரி மின்சாரம் போய் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். மதியம் வண்டியைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டுக் கைபேசியில் பார்ப்பாள். பூஜ்யம் நிமிடம். சந்தேகம் தாங்காமல் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மழையில் வாய்க்கால் ஓரமாக நடந்து பம்பு வீட்டுக்கே போய்ப் பார்த்தால், அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு ஊர்த் தண்ணீரை அணைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து திரையைத் திறந்தால் மறுபடியும் பூஜ்யம்.

"வெக்கப்படுதோ என்னவோ," என்றான் வீப்ரன். அணைச்சரிவில் ஆடு வளர்ப்பவன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்குக் கூட்டாளி. "எங்க புதுக் கிடாகூட ஆள் பாத்தா மேயாம நின்னுடும்."

"நீ பாத்தாலும் பூஜ்யம்தானய்யா காட்டுது."

"அப்ப அதுக்கு ஊர்ல எல்லாரையும் பாத்தா வெக்கம்."

சிரித்தார்கள். ஆனால் வாய்க்காலில் தண்ணீர், பாலத்துச் சுவரில் ஒரு செங்கல் வரிசையை விழுங்கியிருந்தது. நவம்பர் மழை இன்னும் பாதிகூடப் பெய்து முடிக்கவில்லை.

லீட்செமார் என்ற அந்த ஊர் ஒரு காலத்தில் ஏரி. தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி, அடித்தரையில் வீடு கட்டிக்கொண்டார்கள். இறைப்பதை நிறுத்தினால் ஏரி திரும்பி வந்துவிடும். அது வந்து சேரும் முதல் வாசல் ஹிஸ்காவுடையது. அவள் வீடுதான் ஊரிலேயே பள்ளம். அடுத்தது வீப்ரனின் ஆட்டுக்கொட்டகை.

பம்பை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்தது உள்ளங்கை அளவுள்ள ஒரு மின்சுற்றுப் பலகை. ஹிஸ்காவும் வீப்ரனும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து நடத்திய பழைய கணினிக் கழகம் அதைச் செய்து கொடுத்திருந்தது. பம்பு வீட்டு மூலையில், ஐஸ் சறுக்குக் கழகத்தின் பழைய திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு ஒரு கிழட்டுக் கணினி இருந்தது. அதன் முதுகில் சீரியல் போர்ட் என்ற, ஒன்பது முள் கொண்ட பழைய இணைப்புத் துளை. அங்கிருந்து ஒரு கேபிள் பலகைக்குப் போனது. கணினியும் பலகையும் வருடக்கணக்காகத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன. தண்ணீர் இவ்வளவு, சரி, பம்பு ஓடுகிறது, சரி. வேறு யாரும் அந்தப் பேச்சில் குறுக்கிட்டதில்லை.

பிறகு இணைப்பு ஒருமை வாரியம் வந்தது.

வாரியம் நல்ல எண்ணத்தில்தான் பிறந்தது. வீட்டுக்கு வீடு மேசை இழுப்பறையில் பிணைந்து கிடக்கும் கேபிள் சிக்கலைப் பார்த்து யாரோ ஒருவர், எல்லாச் சாதனத்துக்கும் ஒரே வடிவத் துளை இருந்தால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீள்வட்டத் துளை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலை முடிந்தது. ஆனால் வாரியத்துக்கு அப்போது நானூறு ஊழியர்கள் இருந்தார்கள். அதனால் மற்ற துளைகளை "பழைய துளைகள்" என்று அழைக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் அவை "வழக்கொழிந்த துளைகள்" ஆயின. அதற்கடுத்து "கண்காணிக்கப்படாத துளைகள்." அந்த இலையுதிர்காலத்தில் வந்த சுற்றறிக்கையில் "ஆபத்தான திறப்புகள்" என்று இருந்தது. துளைகள் மட்டும் எப்போதும் போலவே இருந்தன.

செப்டம்பரில் ஆய்வாளர் யோலந்தா ப்ரெக்மான், ஆரஞ்சு மேலங்கி போட்ட இரண்டு ஆட்களோடு பம்பு வீட்டுக்கு வந்தார். ஒருவர் கையில் ரப்பர் அடைப்பான்கள் நிறைந்த பெட்டி. இன்னொருவர் கையில் பசை. கிழட்டுக் கணினியின் திரைச்சீலையை மரியாதையாக விலக்கினார்கள். யோலந்தா கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக, "இந்தத் திறப்பு நாட்டுக்கு ஆற்றிய சேவைக்கு வாரியம் நன்றி தெரிவிக்கிறது," என்று வாசித்தார். அரை நிமிட மௌனம். பிறகு அடைப்பான், பசை. அச்சுப்பொறிக்கான அகலத் துளைக்கு வந்தபோது பசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பசை நெடி," என்றார்.

கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் இடத்தில் விரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்தார்கள். ஒரு பக்கம் நீள்வட்டத் துளை. மறுபக்கம் பலகையின் கேபிளுக்காக, தற்காலிக விதிவிலக்காக, ஒன்பது முள். பலகை சொல்வதை வாரியத்தின் தலைமையகத்துக்கு எடுத்துச் செல்வது அந்தப் பெட்டியின் வேலை. பம்பின் நிலையை யார் வேண்டுமானாலும் பார்க்க ஒரு பக்கமும் உண்டு. "நீங்களும் கவனியுங்கள்!" என்பது அதன் பெயர்.

அன்றே வீடுகளையும் பார்த்தார்கள். கழகத்துக்காரர்கள் வீடு என்பதால் ஹிஸ்காவின் வீட்டில் கூடுதல் அக்கறை. பரண், படுக்கைக்கு அடி, துணி துவைக்கும் இயந்திரத்தின் வயிறு. பழைய கேபிள்கள், கையேடுகள், விசைப்பலகைகள், கழகத்துக் கூட்டங்களுக்கு அவள் தூக்கிக்கொண்டு போகும் சின்னக் கணினி, எல்லாம் ஆரஞ்சுப் பைக்குள் போயின. முடிந்ததும் ஹிஸ்கா வழக்கப்படி காபி ஊற்றினாள். மேசையிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று நீட்டினாள். அந்த நாட்டு வழக்கம் அவ்வளவுதான்: ஒரு காபிக்கு ஒரு பிஸ்கட். மூடியை அழுத்தி மூடினாள்.

யோலந்தாவின் கண் டப்பாவின் மேல் ஒரு கணம் நின்றது. மூன்று பேரும் தங்கள் ஒற்றை பிஸ்கட்டைச் சிறு சிறு கடியாகக் கடித்து நீட்டித்தார்கள். பக்கத்தில்தான் இருந்தது, கையை நீட்டினால் எட்டும். வீட்டுக்காரி மூடிய டப்பாவை விருந்தாளி திறப்பதா? துணி இயந்திரத்துக்குள் தலையை விட்ட அதிகாரிகள்தான். ஆனால் அவர்களும் அந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்.

டப்பாவுக்குள், பிஸ்கட்டுக்குக் கீழே விரித்த மெழுகுத்தாளுக்கும் அடியில், சோப்புக்கட்டி அளவில் ஒரு சாதனம் இருந்தது. இரண்டு முனையிலும் ஒன்பது முள் துளை. நடுவில், கேபிளுக்குள் ஓடும் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறு விளக்கும் ஒரு சிறு சுவிட்சும். கேபிளுக்கு நடுவில் செருகினால் எந்தக் கம்பியில் என்ன நடக்கிறது என்று காட்டும். வேண்டாத கம்பியைத் தனியாக அணைக்கவும் செய்யும். ஹிஸ்கா அதைத் தன் கையால் பற்றவைத்துச் செய்திருந்தாள். அதை ஒளித்ததற்கு வேறு காரணம் எதுவுமில்லை. கொடுக்க மனசு வரவில்லை.

பம்பு கண் விழிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தண்ணீர் ஏறுகிறது என்று ஹிஸ்கா வாரியத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். வாரியம் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டது. அதுவரை நாளுக்கு ஒருமுறை பம்பைச் சோதித்த தலைமையகம், மணிக்கு ஒருமுறை சோதிக்கத் தொடங்கியது. தண்ணீர் இன்னும் வேகமாக ஏறியது. ஊர்க்காரர்கள் பயந்துபோய் ஆளாளுக்குக் கைபேசியில் "நீங்களும் கவனியுங்கள்!" பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது செங்கல் வரிசை போனது.

ஒரு சனிக்கிழமை காலை, ஹிஸ்கா பம்பு வீட்டுக்குள் நின்றுகொண்டு வீப்ரனைக் கூப்பிட்டாள்.

"இங்க ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீ பக்கத்தைத் திற."

"திறந்துட்டேன்."

பம்பு ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. குழாய்க்குள் தண்ணீர் களக்கென்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. பலகையிலிருந்த பச்சை விளக்கு மூன்று தடவை கண் சிமிட்டியது.

"என்ன காட்டுது?"

"நல்லாத்தான் காட்டுது. இயங்குதாம். பூஜ்யம் நிமிஷமாம்."

"யோவ், நின்னுபோச்சு!"

"இங்க இயங்குதுன்னுல்ல போட்டிருக்கு."

எட்டு நிமிடம் கழித்துப் பம்பு தானாகக் கிளம்பியது. "இப்ப திற," என்றாள். நின்றது.

மூன்று சிமிட்டல் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். பலகை எல்லாவற்றையும் மறந்து, முதலிலிருந்து பிறக்கிறது. பிறந்ததும் எட்டு நிமிடம் பம்பைத் தொடாது. குழாயில் தண்ணீர் அடங்குமுன் மோட்டாரைத் தட்டினால் அது கருகிவிடும் என்பதால் கழகமே போட்டு வைத்த காத்திருப்பு அது. பம்பு நின்றாலும் பலகை பதில் சொல்வதால், பக்கத்தில் இயங்குகிறது என்றே இருக்கும். ஆக, யார் ஒருமுறை பார்த்தாலும் ஊருக்கு எட்டு நிமிடம் நஷ்டம். நாற்பது வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நான் ஒரே ஒரு தடவைதாம்மா பாத்தேன்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "நின்னிருக்கான்னு பாக்கத்தான் பாத்தேன்."

"நின்னிருந்துதா?"

"இல்ல, இயங்குதுன்னு இருந்துது. அப்பாடான்னு இருந்துது. அப்புறம் இன்னொரு தடவ பாத்தேன்."

மறுநாள் வாரியம் ஐஸ் சறுக்குக் கழகக் குடிசையில் ஊர்க்கூட்டம் கூட்டியது. இயக்குநர் ரூலோஃப் வான் ஓமரன் தலைநகரிலிருந்து நேரில் வந்தார். உயரமானவர், யார் பேசினாலும் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பவர். பின்னால் சுவரில் வாரியத்தின் பெரிய திரை. அதில் லீட்செமார் பம்பு பச்சையாக ஒளிர்ந்தது.

"மொதல்ல ஒரு நல்ல செய்தி," என்றார். "உங்க ஊர் இணைப்போட தரம் நூத்துக்கு நூறு. நாட்டுலயே முதல் இடம். கேட்டப்பெல்லாம் பதில் வருது. ஒரு தடவகூடத் தவறல."

யாரோ கை தட்டினார்கள். கதவுக்கு அடியில் தண்ணீர் ஒரு நாக்கு போல உள்ளே நீண்டு வந்திருந்தது. யோலந்தா காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

ஹிஸ்கா எழுந்தாள். "சார், நீங்க கேக்குறப்பல்லாம் பம்பு நிக்குது. கேக்காம இருந்தீங்கன்னா ஓடும்."

வான் ஓமரன் கண்ணை மூடிக்கொண்டார். "கேக்காம இருந்தா, ஓடுதுன்னு எங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"ஓடும் சார்."

"ஓடும். ஆனா தெரியாது. தெரியாம ஓடுற பம்பு, வாரியத்தப் பொறுத்தவரைக்கும் ஓடாத பம்பு. தெரிஞ்சு நிக்கிற பம்பு மேல எங்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கு."

"வீட்டுக்குள்ள தண்ணி வருது சார்," என்றான் வீப்ரன். "என் ஆடுங்க இப்ப அணை மேல நிக்குது. அதுங்களுக்கு நீச்சல் தெரியாது."

"உங்க கவலை எனக்குப் புரியுது. அதனாலதான் இன்னிக்கு ஒரு முடிவோட வந்திருக்கேன். நாளைக்கு, திங்கக்கிழமையிலருந்து உங்க பம்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கவனிப்போம். நாட்டுல வேற எந்த ஊருக்கும் இந்த அளவு அக்கறை கிடையாது."

ஹிஸ்கா உட்கார்ந்துவிட்டாள். ஐந்துக்கு ஒருமுறை தட்டினால், எட்டு என்பது ஒருபோதும் வரப்போவதில்லை. திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பம்பு ஒரு சொட்டுத் தண்ணீரும் இறைக்காது. திரையில் பச்சையாகவே இருக்கும்.

"அதையும் மீறித் தண்ணி வந்தா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

யோலந்தா ஒரு வண்ணப்படத்தைத் திரையில் போட்டார். அகன்ற, அமைதியான ஏரி. மேலே வாத்துகள். "அப்படி ஆச்சுன்னா இந்தப் பகுதிய நீர்நிலைன்னு அறிவிச்சிடுவாங்க. அதுக்கும் திட்டம் தயார். உங்க எல்லாருக்கும் மேட்டுல வீடு. பறவைங்களுக்கு ரொம்ப நல்ல இடம்." படத்தில் தண்ணீருக்கு மேலே தேவாலயக் கோபுரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அழகுக்காக விட்டுவைத்திருந்தார்கள்.

"அந்த வெள்ளப் பெட்டி ஒவ்வொரு தடவ பேசுறப்பவும் எதோ ஒரு கம்பியில தட்டுது," என்றாள் ஹிஸ்கா. "எந்தக் கம்பின்னு கண்டுபிடிச்சு அந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டா, நீங்களும் பாக்கலாம், பம்பும் ஓடும்."

முதல் முறையாக வான் ஓமரன் கண்ணைத் திறந்தார்.

"ஒண்ண எடுத்தா அது எட்டுக் கம்பி இணைப்பு ஆயிடும் மேடம். ஒன்பது கம்பிக்கு விதிவிலக்கு குடுத்திருக்கோம். எட்டுக் கம்பின்னு ஒண்ணு இந்த நாட்டுலயே கிடையாது. இல்லாத ஒண்ண வெச்சிருந்தா, இணைப்பு சேதப்படுத்துன குத்தம். பம்பு உங்க கைய விட்டுப் போயிடும். வீடும்தான்." குரலில் கோபமே இல்லை. ஒரு மருத்துவர் மாத்திரை அளவைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு காபி வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட்.

திங்கட்கிழமை காலை ஹிஸ்கா நூலக வண்டியை எடுக்கவில்லை. அவள் வீட்டுச் சமையலறைத் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். மேசைக்கால்களின் பிம்பம் அதில் மெல்ல ஆடியது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பிஸ்கட்டுகளைத் தட்டில் கொட்டிவிட்டு, மெழுகுத்தாளைத் தூக்கினாள்.

பம்பு வீட்டில் வீப்ரன் முழங்கால் பூட்ஸோடு நின்றிருந்தான். பம்பு செத்த மாதிரி கிடந்தது. பச்சை விளக்கு மட்டும் அவ்வப்போது மூன்று முறை சிமிட்டியது.

"மாட்டினா நம்ம ரெண்டு பேரும் மேட்டு வீட்டுக்குத்தான் தாயே," என்றான்.

"மாட்டலன்னாலும் அங்கதான். பிடி இத."

கேபிளைக் கழற்றி, நடுவில் தன் விளக்குச் சாதனத்தைச் செருகினாள். இந்த ஒன்பது கம்பிகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஒன்று பேசுகிறது, ஒன்று கேட்கிறது, ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எர்த். பேச்சு நடக்க இந்த மூன்றே போதும். மீதி ஆறும் மரியாதைக் கம்பிகள். வந்துவிட்டேன், நீ இருக்கிறாயா, பேசலாமா, பேசு, தொலைபேசி மணி அடிக்கிறது என்றெல்லாம் சொல்ல, எதிர்முனையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத காலத்தில் போட்டவை. கிழட்டுக் கணினி என்றோ ஒரு நாள் "வந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. வெள்ளைப் பெட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டி, வந்துவிட்டேன் என்று அறிவித்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெளியே போய் மறுபடி தட்டுகிறது. பலகையோ, வந்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் புது நிரல் கொண்டுவந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். அப்படித்தான் அந்த வகைப் பலகைகளைச் செய்கிறார்கள்.

இதெல்லாம் ஹிஸ்காவுக்குத் தெரியும். எந்தக் கம்பி என்பதுதான் தெரியாது. முள்வரிசையைக் காட்டும் கையேடுகளெல்லாம் ஆரஞ்சுப் பையோடு போய்விட்டன.

தலைமையகம் தட்டியது. இரண்டு விளக்குகள் சேர்ந்தாற்போல எரிந்தன: நான்காவதும் ஏழாவதும். பலகை மூன்று முறை சிமிட்டியது.

"ரெண்டுல ஒண்ணு," என்றான் வீப்ரன்.

ஏழாவதன் சுவிட்சை அணைத்தாள். காத்திருந்தார்கள். தண்ணீர் கதவு நிலையில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. தட்டியது. மூன்று சிமிட்டல்.

ஏழாவதைப் போட்டுவிட்டு, நான்காவதை அணைத்தாள். காத்திருந்தார்கள். அணை மேல் ஆடு ஒன்று கத்தியது. தட்டியது. ஏழாவது விளக்கு எரிந்தது, பேசும் விளக்கும் கேட்கும் விளக்கும் படபடத்தன. பச்சை விளக்கு அசையவில்லை.

"திற, பக்கத்தைத் திற," என்றாள்.

வீப்ரன் கைபேசியைப் பார்த்தான். "அஞ்சு நிமிஷம்னு காட்டுது." திரையை அவள் பக்கம் திருப்பினான். "ஹிஸ்கா, பூஜ்யம் இல்ல. அஞ்சு!"

எட்டாவது நிமிடத்தில் பம்பு உறுமி எழுந்தது. அணைக்கு அந்தப் பக்கம் குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு சேற்றை, பிறகு தண்ணீரை. தலைமையகம் திரும்பத் திரும்பத் தட்டியது. பம்பு திரும்பிப் பார்க்கவே இல்லை.

விளக்குச் சாதனத்தை அங்கேயே விட முடியாது. ஆய்வாளர் வந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். ஹிஸ்கா கேபிள் முனையின் மூடியைக் கழற்றி, நான்காவது முள்ளின் கம்பியைச் சிறு கத்திரியால் வெட்டினாள். மூடியை மறுபடி முடுக்கி, சாதனத்தை எடுத்துவிட்டு, கேபிளை நேராகச் செருகினாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்பது முள்ளும் ஒழுங்காக நின்றன.

ஒரு வாரத்தில் பாலத்துச் செங்கல்கள் தண்ணீருக்கு வெளியே வந்தன. வான் ஓமரன் தொலைக்காட்சியில் தோன்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கவனித்ததால் ஓர் ஊர் காப்பாற்றப்பட்டது என்று தலையைச் சாய்த்துச் சொன்னார். வரும் மாதத்திலிருந்து நாட்டிலுள்ள எல்லாப் பம்புகளும் அதே அக்கறையைப் பெறும் என்று அறிவித்தார். பின்னால் வரைபடத்தில் கடலோரம் முழுவதும் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

அடுத்த மாதம் ஒரு காலை ஹிஸ்காவின் தொலைபேசி அடித்தது. கேட்டே இராத ஓர் ஊரின் பெயர். ஒரு பெண், பதற்றத்தை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"உங்களுக்கு என்னைத் தெரியாதுங்க. நாங்களும் பழைய கணினிக் கழகம்தான். எங்க பம்பு ஒரு மாதிரியா இருக்கு. எப்ப பாத்தாலும் இப்பதான் முழிச்ச மாதிரி..."

"தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு?"

"வாசல்படி வரைக்கும்."

"கத்திரி இருக்கா?"

"இருக்கு."

"பெட்டிப் பக்கத்துக் கேபிள் முனையோட மூடியக் கழட்டுங்க. நாலாவது முள்ளுக்குப் போற கம்பிய வெட்டுங்க. மத்த எட்டையும் தொடாதீங்க. மூடிய மாட்டிட்டு எட்டு நிமிஷம் காத்திருங்க. பம்பு ஓடும்."